மதியத் தூக்கமும் நாலாயிரம் பங்குகளும்

எங்கள் ராஜ்கோட்டில் மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை ஓர் ஆண்பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்ப இரண்டே காரணங்கள்தான் உண்டு. வீட்டில் தீ பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது செத்திருக்க வேண்டும். வேறு எதற்காக எழுப்பினாலும் எழுப்பியவர்தான் குற்றவாளி. கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். பட்டறைகளில் லேத் நின்றுவிடும். போன்கள் எல்லாம் அணைந்துவிடும். வெளியூர்க்காரர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். நான் சண்டைக்குப் போவேன். காலை எட்டு மணிக்குக் கடை திறந்து ராத்திரி பத்து வரை வியாபாரம் பார்க்கிற ஊரைப் பார்த்து சோம்பேறி என்று சொல்ல ஒரு வாய் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பங்குச் சந்தை மூன்றரை வரை திறந்திருக்கிறது. அந்த நேரத்தை வைத்தவர்கள் பம்பாய்க்காரர்கள். எங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் யாரும் அந்த முடிவை எடுத்திருக்க மாட்டார்கள்.

என் பெயர் கின்னரி வசாவடா. டேபர் சாலையில் லாபுபாய் நடத்தும் தரகு அலுவலகத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். பங்கு வாங்கித் தருவதும் விற்றுத் தருவதும் என் வேலை இல்லை, அதைப் பாருல் பார்த்துக்கொள்வாள். யார் அளவுக்கு மேல் காலை நீட்டுகிறார்கள் என்று கவனிப்பதுதான் என் வேலை. வாடிக்கையாளர் ஒரு ரூபாய் போட்டால் நாங்கள் ஒரு ரூபாய் கடன் கொடுப்போம். இரண்டு ரூபாய்க்கும் சேர்த்துப் பங்கு வாங்கலாம். பங்குகள் எங்களிடம் அடமானமாக இருக்கும். விலை ஏறினால் லாபம் இரண்டு மடங்கு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஐஸ்கிரீம் வாங்கித் தருவார்கள். விலை இறங்கினால் நட்டமும் இரண்டு மடங்கு. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருப்பேன். விலை அதற்குக் கீழே போனால் அன்று மூன்று மணிக்குள் பணம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் அடமானத்தில் இருக்கிற மொத்தத்தையும் நான் விற்றுவிட வேண்டும், கிடைத்த விலைக்கு.

பதினாறு வருடத்தில் ஒருவரிடமும் பேசாமல் நான் அப்படி விற்றதில்லை. பேசிப் பணம் கட்ட வைப்பேன், அல்லது பேசி அவர்களையே விற்க வைப்பேன். அந்த விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன்.

அது மே மாதத்து ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய இரண்டு மாதமாகவே எதுவும் நிலையில் இல்லை. எண்ணெய் விலை ஒரு வாரம் ஏறும், மறு வாரம் இறங்கும். வெளிநாட்டு ஆர்டர்கள் வரும் என்பார்கள், வராது. டிவியில் பேசுகிறவர்கள் காலையில் சொன்னதை மாலையில் மாற்றிச் சொன்னார்கள். அன்று காலை எங்கோ ஒரு பெரிய வங்கி மூச்சுத் திணறுகிறது என்று செய்தி வந்தது. அந்த வங்கிக்கும் எங்கள் ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் எங்கள் திரை முழுக்கச் சிவப்பு.

ஒரு மணிக்கு லாபுபாய் சாப்பாட்டுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அந்த ரைவத் பம்ப் ஆசாமி, கோர்தன்பாய், அவர் கணக்கு இன்னிக்குக் கோட்டைத் தொடும் போல இருக்கு. மூணு மணிக்குள்ள பணம் வரலேன்னா வித்துடு. பாவம் புண்ணியம் பாத்துட்டு உக்காந்திருக்காதே."

"பேசிட்டுத்தான் விப்பேன், லாபுபாய்."

"இந்த நேரத்துல யார்கிட்ட பேசுவே? நானே இப்ப தூங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் பொய் எதுவும் இல்லை.

கோர்தன்பாய் ரண்பரியாவை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். மவ்டியில் வீடு, வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ரைவத் பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார். அந்தக் கம்பெனி வாசலில் எத்தனை லாரி நிற்கிறது என்பதை எண்ணியே பங்கு வாங்கியவர். "டிவி பாத்து வாங்கறவன் முட்டாள், பென். நான் கேட் பாத்து வாங்கறேன்" என்பார். பென் என்றால் எங்கள் பக்கம் அக்கா, தங்கை என்று அர்த்தம். தொள்ளாயிரம் ரூபாய் விலையில் நாலாயிரம் பங்கு. பதினெட்டு லட்சம் அவர் போட்டது, பதினெட்டு லட்சம் எங்கள் கடன். கடன் பேப்பரில் கையெழுத்துப் போட்டு அனுமதித்தது நான்தான். ஆள் தெம்பானவர், பட்டறை ஓடுகிறது, வட்டி மாதம் தவறாமல் வருகிறது. வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விலை எழுநூற்று அறுபதில் இருந்தது. திங்கள் காலை எழுநூறு. ஒன்று இருபதுக்கு அறுநூற்று ஐம்பத்தைந்து. கோடு அறுநூற்று அறுபதில் இருந்தது, விலை அதைத் தாண்டி இறங்கிவிட்டது. கணக்கைக் காப்பாற்ற ஐந்து லட்சம் கட்ட வேண்டும்.

கோர்தன்பாய்க்குப் போன் அடித்தேன். அணைந்திருந்தது. பட்டறை எண்ணில் மணி அடித்து ஓய்ந்தது. பதினோரு தடவை முயற்சி செய்த பிறகு இரண்டு மணி ஆகிவிட்டது. பாருல் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கின்னரிபென், பேசாம வித்துடலாமா? அவர் எழுந்து டீ குடிக்கறதுக்குள்ள இன்னும் அம்பது ரூபா இறங்கிடும்."

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"எங்க? வீட்டுக்கா? இந்நேரத்துலயா?" பாருலின் கண்கள் விரிந்தன. "உங்களை உள்ளேயே விட மாட்டாங்க."

துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். நாற்பத்து மூன்று டிகிரி வெயில். சாலையில் நானும் நாலு மாடுகளும்தான். சிக்னல்கள் யாருக்காகவோ மாறிக்கொண்டிருந்தன. வழியெல்லாம் கோர்தன்பாயிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'இது வெறும் பயம், கம்பெனியில் ஒரு கோளாறும் இல்லை, ஐந்து லட்சத்தைப் போடுங்கள், ஒரு வாரத்தில் விலை திரும்பிவிடும்.' அதை நான் முழுசாக நம்பினேன். என் பதினாறு வருட அனுபவம் அப்படித்தான் சொன்னது.

இரண்டு இருபதுக்கு அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். முன்னறையில் பழைய சேலைகளை விரித்து, அதன் மேல் கோதுமையைக் கொட்டி, நடுவில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வருடக் கோதுமை. இந்த மாதத்தில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும். விலை படிந்ததும் வருடத்துக்கும் சேர்த்து வாங்கி, கல் பொறுக்கி, வண்டு வராமல் இருக்க விளக்கெண்ணெய் தடவி, பீப்பாயில் போட்டு மூடுவார்கள். முழங்கை வரை எண்ணெயோடு அவர் நிமிர்ந்து பார்த்தார். கோர்தன்பாயின் மனைவி முக்தாபென். இரண்டு வருடத்துக்கு முன் கணக்குத் திறந்தபோது அலுவலகத்துக்கு ஒரே ஒரு தடவை வந்தவர். நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார், தண்ணீர் குடித்தார், போய்விட்டார்.

"வாங்க பென். வெயில்ல கறுத்துப் போயிட்டீங்களே. மோர் குடிங்க முதல்ல."

"மோர் அப்புறம், முக்தாபென். கோர்தன்பாயைக் கொஞ்சம் எழுப்புங்க. அவசரம்."

"உங்க அண்ணன் இப்பத்தான் படுத்தாரு." எங்கள் ஊரில் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், எதிரில் நிற்கிறவளுக்கு அண்ணனாக்கிவிடுவார்கள். "நாலு மணிக்கு வாங்களேன்."

"மூணு மணிக்கே எல்லாம் முடிஞ்சுடும். எழுப்புங்க."

"போன மாசம் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில ரெண்டு நாள் இருந்தாரு. உங்களுக்குச் சொல்லலியா? யாருக்கும் சொல்லலை. தூக்கத்தைக் கெடுக்காதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதோட, தூங்கி எழுந்து டீ உள்ள போற வரைக்கும் அந்த மனுஷன் மனுஷனே இல்ல. அந்த நேரத்துல என்ன கேட்டாலும் முதல்ல கத்துவாரு, அப்புறம் சரிம்பாரு. போன வாரம் அப்படித்தான் மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டரைக் குடுத்தாரு. இன்னும் திரும்பி வரலை."

நெஞ்சு வலி விஷயம் எனக்குத் தெரியாது. கடன் கொடுத்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான் அது. நான் கோதுமைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளறையிலிருந்து குறட்டை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு என் பதினாறு வருடப் பெருமை போகப்போகிறது, இந்த வீட்டின் பதினெட்டு லட்சத்தில் பாதிக்கு மேல் போகப்போகிறது, அந்த மனிதர் குறட்டை விடுகிறார். எனக்கு அழுகை வராத குறை.

"என்ன ஆச்சு, சொல்லுங்க" என்றார் முக்தாபென், கோதுமையைப் பிசைந்துகொண்டே.

சொன்னேன். பங்கு, கடன், கோடு, மூன்று மணி, ஐந்து லட்சம் எல்லாவற்றையும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு நான் இதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும். அவர் ஒரே தடவை கேட்டார்.

"அந்தப் பம்ப் கம்பெனி எரிஞ்சு போச்சா?"

"இல்ல."

"நம்ம ஷாஃப்டை வாங்கறதை நிறுத்திட்டாங்களா? சனிக்கிழமை கூட வண்டி வந்து ஏத்திட்டுப் போச்சே."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கம்பெனி நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் பயந்து விக்கறாங்க, அதான் விலை இறங்குது. அதனாலதான் சொல்றேன், அஞ்சு லட்சம் போட்டுட்டா தப்பிச்சுடலாம். வீட்டுல இருக்கா?"

"இருக்கு. புது லேத்துக்கு முன்பணம். வியாழக்கிழமை கட்டணும்." அவர் கை நின்றது. "கம்பெனி நல்லா இருக்கு, அப்ப கெட்டது எது? கடன்தானே?"

கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் பாடம் எடுத்தவர்கள் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"இப்ப விலை என்ன, காட்டுங்க."

போனில் கணக்கைத் திறந்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கையில் எண்ணெய் என்பதால் அவர் தொடவில்லை. கழுத்தை நீட்டி, உதடு அசைய, மேலிருந்து கீழே படித்தார். பிறகு மறுபடியும் மேலே போனார்.

"பென், இதுல முக்தா கோர்தன்பாய் ரண்பரியான்னு போட்டிருக்கே."

"ஆமா."

"அது நான்தானே?"

ஆமாம், அவர்தான். எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் பாதிக் கணக்குகள் மனைவி பெயரில்தான் திறப்பார்கள். வரி கொஞ்சம் மிச்சம், அதோடு வீட்டு லட்சுமி பெயரில் வாங்கினால் பங்கு ஏறும் என்று ஒரு நம்பிக்கை. வாங்குவது, விற்பது, கத்துவது எல்லாம் ஆண்கள். மனைவிமார் கையெழுத்தோடு சரி. சட்டப்படி இது தப்பு, எல்லோரும் செய்கிறார்கள், நாங்களும் கண்டுகொள்ள மாட்டோம். அந்தப் பெயரை இரண்டு வருடமாகத் தினமும் நான் என் திரையில் படித்திருக்கிறேன். படித்துவிட்டுக் கோர்தன்பாய்க்குப் போன் அடித்திருக்கிறேன். ஆண்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவள் நான் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற கின்னரி, வாடிக்கையாளரின் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு வாடிக்கையாளரின் புருஷனை எழுப்பச் சொல்லி கால் மணி நேரமாகக் கெஞ்சியிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. மோரை எடுத்துக் குடித்தேன்.

"அப்ப நான் சொன்னா போதுமா?" என்று கேட்டார் முக்தாபென்.

"நீங்க சொன்னாத்தான் செல்லும். அவர் சொன்னா, சரியாப் பாத்தா, செல்லாது."

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குறட்டை தொடர்ந்தது. மணி இரண்டு முப்பத்தெட்டு.

"கடனை அடைக்க எத்தனை விக்கணும்?"

"இப்ப அறுநூத்து நாப்பத்தஞ்சு. ரெண்டாயிரத்து எண்ணூறு வித்தா பதினெட்டு லட்சத்துச் சொச்சம் வரும். கடனும் மிச்ச வட்டியும் சரியாப் போகும்."

"பாக்கி ஆயிரத்து இருநூறு."

"ஆமா. ஆனா அவசரப்படாதீங்க. விலை நாளைக்கே திரும்பும். இப்ப வித்தா ஏழு லட்சம் நட்டம் நிஜமாயிடும். அஞ்சு லட்சம் போட்டீங்கன்னா..."

"திரும்பும்னு எழுதித் தர்றீங்களா?"

நான் போனில் விலையை மறுபடி பார்த்தேன்.

"ஏழு லட்சம்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். முகம் ஒரு கணம் சுருங்கியது. "ஒம்பது பேரு மூணு வருஷம் லேத் ஓட்டினாத்தான் அது கையில நிக்கும். எனக்கு வயிறு எரியுது, பென். எரியலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா லேத்துப் பணத்தை அதுக்குப் பின்னாடி அனுப்ப மாட்டேன். கோதுமையை நான் கடனுக்கா வாங்கறேன்? வண்டு வந்தாலும் என் கோதுமையில என் வண்டு." எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தார். "ரெண்டாயிரத்து எண்ணூறை வித்துடுங்க. ஆயிரத்து இருநூறை யாரும் தொடக் கூடாது. அது கடன் இல்லாத பங்கு, எவன் பயந்தாலும் எனக்கென்ன."

வாய்மொழி ஆர்டர் என்றால் அலுவலகத்தின் பதிவாகும் லைனில் வாடிக்கையாளரே பேச வேண்டும். பாருலை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"முழுப் பேர் சொல்லுங்க" என்றாள் பாருல், இயந்திரத்தனமாக.

"முக்தா கோர்தன்பாய் ரண்பரியா."

"பிறந்த தேதி?"

"நிஜத் தேதியா, பேப்பர்ல இருக்கற தேதியா?"

"பேப்பர்ல இருக்கறதைச் சொல்லுங்க."

"ஜூன் ஒண்ணு. ஹெட்மாஸ்டர் எல்லாருக்கும் அதையேதான் போட்டாரு. நான் பொறந்தது சங்கராந்திக்கு மறுநாள்."

பாருலுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பான் எண்ணின் கடைசி நாலு எழுத்துகளை முக்தாபென் பீரோவிலிருந்து அட்டையை எடுத்து வந்து படித்தார். பீரோ கதவு கிறீச்சிட்டது. குறட்டை நின்றது. நாங்கள் மூன்று பேரும், போனில் இருந்த பாருல் உட்பட, மூச்சைப் பிடித்துக்கொண்டோம். குறட்டை மறுபடி தொடங்கியது.

இரண்டு ஐம்பத்து நாலுக்கு வேலை முடிந்தது. பாருல் மூன்று துண்டாக விற்றாள். மூன்று மணிக்கு என் திரையில் அந்தக் கணக்கின் கடன் பூஜ்யமாக இருந்தது. நான் கிளம்ப எழுந்தேன்.

"எங்க போறீங்க? அவர் நாலு மணிக்கு எழுந்திருப்பாரு. நான்தான் சொல்லப் போறேன், ஆனா சாட்சிக்கு ஒரு ஆள் வேணும். உக்காந்து இந்தப் பக்கத்துக் கோதுமைல கல் பொறுக்குங்க."

உட்கார்ந்து பொறுக்கினேன். அலுவலகத்தில் என்னை இப்படி அதிகாரம் செய்ய லாபுபாய்க்கே தைரியம் கிடையாது.

சரியாக நாலு மணிக்குக் கோர்தன்பாய் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. முக்தாபென் டீயைச் சாசரில் ஊற்றி நீட்டினார். அவர் உறிஞ்சி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பென், ரைவத் என்ன விலை?" என்று கேட்டார் கோர்தன்பாய் என்னிடம்.

"அறுநூத்து முப்பத்தெட்டுல முடிஞ்சுது" என்றார் முக்தாபென்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டாயிரத்து எண்ணூறை வித்தது நான்தானே. கடன் தீந்துது. ஆயிரத்து இருநூறு இருக்கு. லேத்துப் பணம் அப்படியே இருக்கு."

"வித்தியா? என்னைக் கேக்காமயா?"

"நீங்க என்னைக் கேட்டா வாங்கினீங்க?"

கோர்தன்பாய் என் பக்கம் பாய்ந்தார். "நீங்க படிச்சவங்க, பென். இவ பேச்சைக் கேட்டு எப்படி வித்தீங்க? என்னை எழுப்பியிருக்கலாமே!"

நான் வாயைத் திறப்பதற்குள் முக்தாபென் சொன்னார். "எதுக்கு எழுப்பணும்? வீட்ல தீ பிடிச்சுதா? யாராவது செத்தாங்களா? கணக்கு என் பேர்ல இருக்கு, நான் முழிச்சுட்டிருந்தேன்."

மனிதர் காலி சாசரையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்தாபென் அதில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

மறுநாள் விலை முப்பது ரூபாய் ஏறியது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. காலை பத்து மணிக்கே கோர்தன்பாய் போன் செய்தார்.

"முப்பது ரூபா! ரெண்டாயிரத்து எண்ணூறுக்குக் கணக்குப் போடுங்க! எண்பத்து நாலாயிரம், பென்! ஒரே ராத்திரில! யார் குடுப்பாங்க எனக்கு?"

"வாடிக்கையாளரைப் பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன். விலை அப்படியே மேலே போய்க்கொண்டிருந்திருந்தால் ஊரில் நான் தலைகாட்டியிருக்க முடியாது.

புதன்கிழமை அந்த வங்கி நிஜமாகவே மூடிக்கொண்டது. அடுத்த எட்டு நாளில் ரைவத் பம்ப் நானூற்றுப் பத்துக்கு வந்தது. நான் வண்டியில் போகும்போது ஒத்திகை பார்த்த யோசனையைக் கேட்டிருந்தால், அந்த ஐந்து லட்சம் போயிருக்கும், அதன் பின்னால் இன்னொரு ஐந்து லட்சம் கேட்டு நானே போயிருப்பேன், கடைசியில் ஆயிரத்து இருநூறு பங்குகூட மிஞ்சியிருக்காது. அந்த வாரம் ஏழு கணக்குகளை நான் விற்க வேண்டியிருந்தது. முக்தாபென் கணக்கில் திரை எவ்வளவு சிவந்தாலும் எந்தக் கோடும் இல்லை. பட்டறையில் புது லேத் வந்து இறங்கிய அன்று கோர்தன்பாய் ஒரு டப்பா பேடாவோடு அலுவலகத்துக்கு வந்தார். என் மேஜையில் வைத்துவிட்டு, "அவ குடுத்தனுப்பினா" என்று மட்டும் சொன்னார். பேடாவுக்குக் கீழே ஒரு படிவம் இருந்தது. கணக்கில் பதிவாகியிருக்கும் போன் எண்ணை மாற்றும் படிவம். கீழே முக்தாபென்னின் குஜராத்திக் கையெழுத்து.

அன்று மதியம் ஊர் தூங்கப் போனதும் நான் மொத்தப் பட்டியலையும் திறந்தேன். முந்நூற்றுப் பதினாறு கணக்குகள். பெண்கள் பெயரில் நூற்று நாற்பத்தொன்று. அதில் போன் எண் யாருடையது என்ற கட்டத்தில் 'கணவர்' என்றோ 'மகன்' என்றோ டிக் அடித்திருந்தவற்றைத் தள்ளிக்கொண்டே வந்தேன். விலை சரிகிற மதியத்தில் யாரை அழைத்தால் நிஜமான சொந்தக்காரர் எடுப்பார் என்று எனக்குத் தெரிய வேண்டும். என் வேலையே அதுதான், பதினாறு வருடமாக அதைச் செய்யவில்லை.

சொந்த எண் வைத்திருந்த பெண்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் நான் இல்லை.

கல்யாணமான வருடம் என் மாமனார் திறந்து கொடுத்த கணக்கு. என் சம்பளத்தில் வாங்கிய பங்குகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எதை விற்றாலும் வாங்கினாலும் செய்தி என் புருஷன் நிகுஞ்சுக்குத்தான் போகும். எனக்குத் தெரிந்த விஷயம்தான் இதுவும்.

எண்ணை மாற்ற முதலில் பழைய எண்ணுக்கு ஒரு குறியீடு வரும். அதைச் சொன்னால்தான் அடுத்த கட்டம் திறக்கும். நிகுஞ்ச் கைக்கடிகாரக் கடையை ஒரு மணிக்கே பூட்டிவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார், போன் அணைந்திருக்கும். பாருலிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

படுக்கையறையில் விசிறி ஓடியது. நான் அவர் போனை எடுத்து உயிர் கொடுத்து, என் போனிலிருந்து எண்ணை மாற்றக் கேட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். பதினெட்டு வருடக் கல்யாணத்தில் இந்த நேரத்தில் அவரை எழுப்புவது அதுதான் முதல் தடவை. அவர் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன? தீயா? யாரு? அம்மாவா?"

"ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்காங்க. உங்க போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும், படிங்க."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன். கடைசி எண் விழுந்ததும் என் கையில் இருந்த என் போன் ஒரு தடவை அதிர்ந்தது, என் கணக்கிலிருந்து எனக்கு வந்த முதல் செய்தி.

"எதுக்கு இது?" என்றார்.

"என் வேலை முடிஞ்சுது. நீங்க தூங்குங்க."